ஸ்பூல் மெஷினும் பின்வளவு ஹோர்னும்

1. அலை

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கமுடியாமல் கல்முனையில் ஒரு லவுட்ஸ்பீக்கர் வாடகைக் கடையில் சேர்ந்தேன். சூறாவளி அடித்துப்போன அடுத்த வருஷம் அது. ஊருக்குள் கசட் வரத் தொடங்கியிருந்தது. எனக்கோ ஸ்பூல் டேப் மெஷின்மேல் பைத்தியம். அறுகம்பேக் கடற்கரையில் குடில் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஒருவன் தன் மெஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, முதலாளியை நச்சரித்து வாங்கவைத்தேன். பெட்டி நிறைய ஸ்பூல்களையும் சேர்த்துத் தந்தான்.

இரண்டு தட்டும் சுழலும், சத்தத்துக்கேற்ப இரண்டு ஊசியும் ஆடும். இடது, வலது என்று சத்தத்துக்கு இரண்டு தனித்தனிச் சனல். அசல் ஸ்டீரியோ. முதலாளி அன்றைக்கே ரைஸ் மில் ஹாஜியாரிடம் போய், "உங்கட மகள்ர கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் காணாத மெஷின் வருது" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் ஸ்பூல்களைப் போட்டுக் கேட்டோம். முதல் ஸ்பூலில் வெறும் இரைச்சல். அடுத்ததிலும் அதே. ஒன்றில் மட்டும் நடுவில் நாய் குரைத்தது. எல்லாம் அறுகம்பேக் கடல். பலகையில் அலை ஏறி விளையாட வந்தவன், அலையையே பதிந்து வைத்திருக்கிறான்.

முதலாளி மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, கடக்கரைக்கு நடந்துபோனா இது சும்மா கேக்குமே. இதையா எண்ட சல்லியில வாங்கவெச்ச?"

"பாட்டுப் பதியலாம் முதலாளி."

"பாட்டு வரல்லெண்டா நீயும் வராத."

2. பாட்டு

வெறும் ஸ்பூல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அலைக்கு மேலேயே பதிவது என்று முடிவுசெய்து, றபான் மேளம் அடித்துப் பாடும் பக்கீர் பாவா ஒருவரைக் கடைக்குக் கூட்டிவந்தேன். எங்களிடம் நல்ல மைக் ஒன்றுதான். அதை இடது சனலில் செருகி, இடது பக்க றெக்கோட் பட்டனை அமுக்கினேன். ஊசி துள்ளியது.

"இது என்னத்துக்குத் தம்பி ஆடுது?" என்றார் பாவா.

"நீங்க பாடுறதுக்கு."

"அப்ப இருமினா?"

இருமிப் பார்த்தார். ஆடியது. அது அவருக்கு மெத்தப் பிடித்துப்போய், பாட்டுக்குப் பாட்டு இருமினார்.

கடை ஸ்பீக்கரை இடது சனலில் கொடுத்துக் கேட்டோம். இருமல் உட்பட அருமையாக இருந்தது.

3. கல்யாணம்

எங்கள் கல்யாணங்களில் ஆண்களுக்கு முன்பந்தல், பெண்களுக்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள பின்வளவு. ஸ்டீரியோதானே என்று இடது சனலின் ஹோர்ன் ஸ்பீக்கரை முன்பந்தலுக்கும், வலதைப் பின்வளவுக்கும் கட்டினேன். பின்வளவுக்குள் போய்க் கேட்டுப்பார்க்க எனக்கு அனுமதியில்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸ்பூலை ஓடவிட்டேன். பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சஹன்களை வைத்தார்கள். முன்பந்தலில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஹாஜியார் என் முதுகில் தட்டினார். அந்த நேரம் வளவுக்கு வெளியே ஒரே கூச்சல்.

பின்வளவில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தலைக்குமேல் கடல் இரைந்து வந்திருக்கிறது. சூறாவளிப் பயம் ஒருவருக்கும் தெளியாத காலம். சோற்றை விட்டுவிட்டு மெயின் றோட்டுக்கு ஓடிவிட்டார்கள். கல்யாணப் பெண் ஒரு கையில் பட்டுச் சாரியையும் மறுகையில் கோழிப் பொரியலையும் பிடித்துக்கொண்டு ஓடியதை நானே கண்டேன்.

ஹாஜியாரின் மனைவிதான் முதலில் ஹோர்னை நிமிர்ந்து பார்த்தவர். நேரே முன்பந்தலுக்குள் வந்தார். ஹோர்னில் பாவா இருமிக்கொண்டிருந்தார்.

"ஆம்புளையளுக்குப் பாட்டு, எங்களுக்குக் கடலா?"

"என்ன கடல்?" என்றார் ஹாஜியார்.

"வந்து கேளுங்க."

போய்க் கேட்டுவிட்டு வந்த ஹாஜியார் முதலாளியை முறைத்தார். என் பக்கத்தில் நின்ற முதலாளி காதுக்குள், "நாளைக்குக் கடைப்பக்கம் வராத" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பதிந்தது இடது சனலில் மட்டும். வலதில் வெள்ளைக்காரனின் கடல் அழியாமல் அப்படியே கிடக்கிறது. வலது வயரைப் பிடுங்கி, இரண்டு ஹோர்னுக்குமான அம்பிளிபயர் வயர்களையும் இடது சனலோடு சேர்த்து முறுக்கினேன். பின்வளவிலும் றபான் முழங்கியது. திரும்பிவந்த பெண்கள் குரவையிட்டார்கள்.

ஹாஜியாரின் மனைவி முதலாளியிடம், "இளையவள்ர கல்யாணத்துக்கும் இந்தப் பொடியனத்தான் அனுப்பணும். எங்க பிழை கிடக்கெண்டு இவனுக்குத்தானே தெரியும்" என்றார்.

"ஓம் ஓம், நல்ல பொடியன்" என்றார் முதலாளி.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். நாம் இருக்கிற இடத்தில் நன்றாகக் கேட்கிறது என்பது பாதிச் சோதனைதான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் முதலாளியின் மனைவியைப் பின்வளவு ஹோர்னுக்குக் கீழே நிற்கவைத்து, "ஓம், பாட்டுத்தான்" என்று அவர் சொல்லியனுப்பாமல் நான் சவுண்டைக் கூட்டியதேயில்லை.