எதிர்ச்சுவருக்கு வெள்ளை

மொட்டை மாடிகளில் வெந்நீர் சோலாரும் கரண்டு சோலாரும் மாட்டுவது என் தொழில். படித்துக் கற்றதில்லை, மாட்டி மாட்டிக் கற்றது. வீட்டுக்காரர்கள் கேட்கிற வார்த்தைக்கெல்லாம் ஒரு விளக்கம் கைவசம் வைத்திருப்பேன். நெட் மீட்டர் என்றால் என்ன என்பார்கள். "பகல்ல உங்க வீட்டு மோரை பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறீங்க, ராத்திரி அவங்ககிட்ட வாங்கிக்கறீங்க. மாசக் கடைசியில டம்ளர் கணக்கு, அவ்ளோதான்" என்பேன். இன்சுலேஷன் என்றால் தொட்டிக்குப் போர்த்துகிற கம்பளி. எனக்கு ரொம்பப் பிடித்தது டேலைட்டிங். ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா சொன்னது. பகலில் விளக்கே போட வேண்டாதபடி வீட்டைக் கட்டுவது. கரண்டை மிச்சம் பிடிக்கிற முதல் மெஷின் ஜன்னல்தான் என்று நானும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வீட்டில் ஜன்னல் ஒன்றே ஒன்று. ஜோகுபாளையத்தில் முதல் மாடி, ஒற்றை அறை. அந்த ஜன்னலடியில்தான் என் மனைவி தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறாள். பக்கத்து ஓட்டு வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பினார்கள். சுவர் ஏற ஏற, முதலில் தெரு போனது, பிறகு வேப்பமரம், பிறகு வானம். இப்போது கம்பிக்குள் கையை நீட்டினால் சிமெண்டு தட்டும்.

பகலெல்லாம் டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. ஒரு கருநீலப் பட்டு ப்ளவுஸுக்குக் கறுப்பு நூல் ஓட்டிவிட்டாள். துணி கொடுத்த அம்மா தெருவில் நின்று, வெயிலில் விரித்துக் காட்டினார். நாலு பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர் தங்கை, கொடுத்த துணியைத் தைக்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

"இப்படியே போனா மெஷினை மூடிட வேண்டியதுதான்" என்றாள்.

"வேற வீடு பாக்கலாமா?"

"கஸ்டமரெல்லாம் இந்தத் தெருவுலதான. சாமானத் தூக்கிட்டுப் போலாம், தெருவ யாரு தூக்கறது?"



பிறகு ஒருநாள் என் காண்டிராக்டர் ஒரு விலாசம் சொன்னார். அதே நாலு மாடிதான். அதன் உச்சியில் வெந்நீர் சோலார் மாட்ட வேண்டும். போனேன். மேலே வெயில் கொட்டிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. நட்டநடுப் பகலில் என் வீட்டு டியூப்லைட் எரிவது தெரிந்தது. கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது, கையில் நூல்கண்டு. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"இன்னாங்க சோலார் சாரே," கீழிருந்து குரல் வந்தது. "அங்க வெயிலு ஜாஸ்தியா? கொஞ்சம் வழிச்சிக் கீழ போடறது!"

அந்த நாலு மாடியின் வீட்டுக்காரர் என் பின்னால் நின்றார்; யாரையும் குரு என்றே கூப்பிடுகிறவர். அவர் கவலை வேறு. "குழாய் மேல அந்தத் தென்னமரத்து நெழல் விழுமா குரு? சொல்லு, இன்னிக்கே வெட்டிடலாம்."

"மரம் வடக்கால சார், விழாது," என்றேன். அதே மூச்சில் கேட்டும்விட்டேன். "சார், எங்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல வெள்ளை அடிச்சா, மேலேர்ந்து வர்ற வெளிச்சம் பட்டுத் திரும்பி உள்ள வரும். சிமெண்டு கலரு எல்லாத்தையும் முழுங்கிடுது."

"அந்தப் பக்கமா? அத யாரு பாக்கப்போறா?"

"நாங்கதான் சார். எங்களுக்குப் பாக்க வேற இன்னா இருக்கு?"

சிரித்துவிட்டார். "பிடு குரு, விட்டுத்தள்ளு! இந்த ஊர்ல எவன் பக்கச் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கிறான்? வேணும்னா நீயே அடிச்சிக்கோ. ஆனா எம் மாடியிலேர்ந்து கயிறு கட்டித் தொங்காத. விழுந்து கிழுந்து வெச்சீன்னா போலீஸ்காரன் என்னைத்தான் கேப்பான்."

அவர் சொன்னதும் உண்மைதான். இங்கே வீட்டு முன்பக்கத்துக்கு டைல்ஸ் என்ன, கிரானைட் என்ன. பக்கவாட்டில் பூசாத கல்லே பல்லைக் காட்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்பதுதான் சொலவடையில் இல்லை.

மாடிச் சூட்டைத் தணிக்க அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் வேறொரு வேலையில் டின் அடியில் மீந்திருந்தது. காண்டிராக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ரோலர் கம்பிக்குள் நுழையவில்லை. பிரஷ்ஷை ஒயரிங் பைப்பில் கட்டி, கம்பி வழியே வெளியே விட்டு அடித்தேன். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேல, இன்னும் மேல" என்றாள். வெளிச்சம் மேலேதான் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். பைப் எட்டியவரைதான் வெள்ளை. அதற்கு மேல் மூன்று மாடிக்குச் சிமெண்டு.

காய்ந்ததும் டியூப்லைட்டை அணைத்தேன். அறை முழு இருட்டாகவில்லை. சாம்பல் கலந்த ஒரு வெளிச்சம் மெஷின் மேல் மட்டும் கிடந்தது. இரண்டு நூல்கண்டையும் எடுத்துக் கம்பியோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது கறுப்பு," என்றாள். "இது… நீலம்."

சரியாகத்தான் சொன்னாள்.

"பாத்தியா!" என்றேன்.

நீல நூலை ஊசியில் கோத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். "வெள்ளையா இருந்தா இன்னா, செவுரு செவுருதான?" என்றாள். பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.