சமையலறை யன்னலை மூடிய திராட்சை

லண்டனில் எங்கள் மோர்டன் வீட்டுச் சமையலறை யன்னலை ஒரு திராட்சைக் கொடி மூடியிருந்தது. மனைவி ஆசையாக நட்டது. நாலு கோடையாக இலைதான் விட்டது. ஒரு குலைகூடக் காய்க்கவில்லை. நடுப்பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் நான் தேத்தண்ணீர் வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், பாரிசில் இருந்த அவளுடைய தம்பியைப் பார்க்கப் புறப்படும் முன் ஒரு முடிவுக்கு வந்தோம்: திரும்பி வந்ததும் கொடியை வேரோடு கிளப்பிவிடுவது. சம்மதித்தாள். ஆனால் கப்பலில் என்னுடன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மைத்துனன் பாரிசில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தான். முதலாளிக்கு வைன் பெட்டிகள் ஏற்றிவர ஒரு சின்ன ஊருக்கு அடிக்கடி போவான். அந்த முறை எங்களையும் கூட்டிச் சென்றான். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஓர் இறைச்சிக்கடை. மிச்சமெல்லாம் வைன் விற்கும் வீடுகள். ஒரு வீட்டின் நிலவறையில் அவனுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுத்தார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினான்.

"இதென்னடா கோதாரி? துப்புறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீ?" என்றாள் மனைவி.

"விழுங்கினா ஆர் அக்கா கார் ஓடுறது? அத்தானோ?"

நான் கார் ஓடும் விதம் அக்கா தம்பி இருவருக்கும் தெரியும். சிரித்தார்கள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மதியம் ஊரே கதவடைத்துச் சாப்பிடப் போய்விட்டது. நாங்கள் காருக்குள் இருந்து புட்டுப் பார்சலை முடித்துவிட்டு, திராட்சைத் தோட்டங்கள் பக்கம் நடந்தோம். சரிவு முழுக்க முழங்கால் உயரக் கட்டைகள். அங்கே மட்டும் இன்னும் வேலை நடந்தது; வெட்டிய கொடிகளை ஒரு தகரப் பீப்பாயில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, எல்லாத்தையும் வெட்டிப்போட்டினம். இவைக்கும் காய்க்கேல்லையோ?"

நெருப்புக்குப் பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் கத்தரிக்கோலுடன் நின்றாள். மைத்துனன் எங்கள் கொடியின் கதையை அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னான்.

"நீங்கள் எப்பிடி வெட்டுறனீங்கள் எண்டு கேக்கிறா, அக்கா."

"வெட்டுறேல்லை. நான் ஆரையும் தொட விடேல்லை எண்டு சொல்லு."

அவன் சொன்னதும் அந்தப் பெண் அடுத்த வரிசையில் நின்ற கிழவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"லண்டன் எண்டு சொன்னனான். இங்கிலீஷ்காரருக்குத் திராட்சையைப் பற்றி ஒண்டும் தெரியாதாம்."

மனைவிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு கொடியைப் பிடித்து, இரண்டு மூன்று முளைக் கண்களை விட்டு மற்றதையெல்லாம் நறுக்கிக் காட்டினாள். அந்தக் கண்களில் இருந்து வரும் புதுத் தளிரில்தான் காய்க்குமாம். வெட்டாவிட்டால் வெறும் இலைதானாம்.

"நானும் வெட்டத்தானே சொன்னனான்," என்றேன்.

"நீங்கள் சொன்னது வேரோட. பேசாமல் வாங்கோ."

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோர்டன் வீட்டில் நான் கத்தரிக்கோலுடன் ஏணியில் ஏறினேன். அவள் உள்ளே, யன்னலுக்குப் பின்னால் நின்றாள். கொடி விழ விழ, முதலில் அவள் கை தெரிந்தது. இதை வெட்டு, அதை விடு என்று விரலால் கட்டளை. பிறகு முகம் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். ஆனாலும் விரல் நிற்கவில்லை.

அந்தப் புரட்டாதியில் சின்னச் சின்னக் குலைகள் பழுத்தன. நல்ல புளிப்பு. பாரிசிலிருந்து தம்பி போன் எடுத்து, "வைன் எப்ப அக்கா?" என்று கேட்டான்.

"அத்தான் காலால மிதிச்சுக்கொண்டு நிக்கிறார். பொறு."

நான் அப்போது சமையலறையில் லைட் போடாமல் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.