டான்ஃபோத் கோயிலில் ஒரு கிரேக்கர் தந்த உறை

செப்ரெம்பரில் ஏதென்ஸ் போக எனக்கும் மனைவி ஜெயாவுக்கும் ரிக்கெற் போட்டாகிவிட்டது. கிரேக்கம் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் படித்ததுதான். "போறதுக்கு முதல் டான்ஃபோத்தை ஒருக்கால் பார்ப்பமே" என்று ஜெயா சொன்னாள். எங்கள் நகரத்தில் கிரேக்கர் வந்து குடியேறிய தெரு அது. மே மாதத்துச் சனிக்கிழமையொன்றில் கிளம்பினோம். நான் மிசிசாகாவில், விமான நிலையத்தில், பயணப் பொதிகளைச் சோதிக்கும் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். எதையும் இரண்டாம் தரம் பார்க்காமல் நம்பமாட்டேன். வாசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டடியில் காலை 9.35க்கு பஸ். வோர்டன் ஸ்ரேசனில் சப்வேக்கு மாறி, பேப் ஸ்ரேசனில் இறங்கியபோது 10.20. ஆளுக்கு 3.30 டொலர். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை தரம் மாறினாலும் அதே காசுதான். காரைக் கொண்டுபோகாதீர்கள், பார்க்கிங் தேடியே களைத்துப்போவீர்கள்.

தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்க எழுத்தும் இருந்தது. கடைகளுக்கு நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். இங்கே கிரேக்கர் இருக்கிறார்களா, அல்லது பெயின்ற் மட்டும்தான் மிச்சமா என்று எனக்கு அப்பவே சந்தேகம். ஒரு உணவகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். இறைச்சி சீவிக்கொண்டு நின்றவர் வல்வெட்டித்துறைத் தமிழர். என் சந்தேகம் இன்னும் கூடியது.

"அண்ணை, உண்மையான கிரேக்கரை எங்கை பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"கடையிலை தேடாதேங்கோ. கோயிலுக்குப் போங்கோ, இண்டைக்குச் சனம் இருக்கும்" என்று அவர் வழி சொன்னார். பன்னிரண்டு நிமிட நடை.

அது கிரேக்கரின் கிறிஸ்தவக் கோயில்; யாரோ இறந்தவருக்கான பூசை முடிகிற நேரம். உள்ளே சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை. வாசலில் மணல் தட்டில் மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறார்கள். பூசை நேரத்தில் படம் எடுக்காதீர்கள். நாங்கள் பின்னால் நின்றுவிட்டு வெளியே வர, கறுப்புக் கோட் போட்ட வயதான ஒருவர் எங்கள் இருவரின் கையிலும் சின்னப் பை ஒவ்வொன்றைத் திணித்தார். அவித்த கோதுமை, மேலே சீனி, பாதாம், மாதுளை முத்து. கோலிவா என்றார்.

கையில் ஒன்றைத் திணித்துவிட்டுப் பிறகு காசு கேட்கிறவர்களை நான் எத்தனையோ ஊரில் கண்டிருக்கிறேன். பையைத் திறக்காமல் வைத்திருந்தேன். ஜெயா சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

"என்னப்பா, இது ஆரோ செத்த வீட்டுச் சாப்பாடு. சும்மா சாப்பிடுங்கோ" என்றாள்.

பையைத் தந்தவரின் பெயர் கோஸ்தா. மனைவி எலேனி இறந்து அன்று நாற்பதாம் நாள். பக்கத்து மண்டபத்தில் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். வந்திருந்தது பத்துப் பன்னிரண்டு பேர்தான். கிரேக்கக் கோப்பிக்குச் சீனி எவ்வளவு என்று முதலே சொல்லவேண்டும், சீனி போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். அடியில் தங்கும் மண்டியைக் குடிக்கக்கூடாது. நான் குடித்துவிட்டேன்.

செப்ரெம்பரில் ஏதென்ஸ் போகிறோம் என்று ஜெயா வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், கோஸ்தா கோட்டுக்குள் கையை விட்டு ஒரு தடித்த உறையை எடுத்தார். நன்றாக ஒட்டியிருந்தது.

"எலேனியின் மேசைக்குள் கிடந்தது. அவளுடைய தங்கையின் பெயர் எழுதியிருக்கிறாள். தபாலை நான் நம்பவில்லை. இதயத்துக்கு மருந்து எடுக்கிறேன், பிளேன் ஏறக்கூடாதாம். தங்கையின் மகள் ஏதென்ஸில் உங்களிடம் வந்து வாங்குவாள்" என்றார்.

ஜெயா கையை நீட்டினாள். நான் முந்தி வாங்கி அமத்திப் பார்த்தேன். நடுவில் கட்டியாக ஏதோ இருந்தது. என்னைக் கோயிலுக்குள் கண்டதிலிருந்து இவர் இதற்காகத்தான் கதை கொடுத்தாரோ என்றுகூட நினைத்தேன்.

"மன்னிக்கவேணும். உள்ளே என்ன இருக்கெண்டு தெரியாமல் நான் கொண்டுபோகமாட்டன்" என்றேன்.

"எனக்கும் தெரியாது. அது அவளின் தங்கைக்கு எழுதினது."

"அப்பிடியெண்டால் திறவுங்கோ."

ஜெயா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். கோஸ்தா கேக் வெட்டும் கத்தியால் உறையைக் கிழித்தார். பூட்டுத் திறக்கும் பழைய இரும்புத் திறப்பு ஒன்று விழுந்தது. கூடவே இரண்டு தாள் கடிதம். நான் திறப்பை மட்டும்தான் பார்த்தேன். அவருடைய கண் கடிதத்துக்குப் போய்விட்டது.

"கிரேக்கத்து ஊர் வீட்டுத் திறப்பு" என்றார். "நாற்பத்தொன்பது வருசமாக வைத்திருந்திருக்கிறாள். இங்கே வந்து ஒரு நாள்கூட இந்த ஊர் தனக்குப் பிடிக்கவில்லையாம். திரும்பிப் போகத்தான் நினைத்தாளாம். கோஸ்தாவுக்குச் சொல்லிவிடாதே என்று தங்கைக்கு எழுதியிருக்கிறாள்."

நான் திறக்கச் சொல்லியிராவிட்டால் அந்த மனிதர் இதை அறியாமலே இருந்திருப்பார். அவர் கடிதத்தை மடித்து, திறப்போடு உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இப்போது உள்ளே இருப்பது தெரியும். கொண்டுபோவீர்களா?"

"ஓம், கொண்டுபோறன்."

"நான் வாசித்ததாக அவர்களுக்குச் சொல்லவேண்டாம்."

சப்வேயில் ஜெயா தள்ளிப் போய் வேறு சீற்றில் இருந்தாள். கோலிவாவை அங்கேயே முழுக்கச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு காலையில் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்புப் போடுங்கள். யாராவது கோலிவா தந்தால், காசு கேட்பார்களோ என்று யோசிக்காமல் வாங்கி, இறந்தவரின் பெயரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். முன்பின் தெரியாதவரின் பொதியைத் திறந்து பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள். இதை இப்போதும் சொல்வேன், பதினெட்டு வருடம் வேறு மாதிரிச் சொல்ல விடாது. ஆனால் அப்படித் திறக்கவைத்தால், அதற்குப் பிறகு வருவதிலும் உங்களுக்குப் பங்குண்டு.

செப்ரெம்பரில் ஏதென்ஸ் ஹோட்டல் வரவேற்பறைக்கு அந்தத் தங்கையின் மகள் வந்தாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது திறந்திருக்கிறதே?"

"நான்தான் திறந்தேன். விமான நிலையத்தில் வேலை, பழக்கதோசம். மன்னிக்கவேணும்" என்றேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "கோஸ்தா பெரியப்பா வாசித்தாரா?"

"இல்லை" என்றேன். ஜெயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பெரியம்மா என்ன எழுதியிருப்பா என்று அம்மாவுக்குத் தெரியும், அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னா. இனி நிம்மதியாக நித்திரை கொள்ளுவா" என்றாள்.