படலைவரை போன அப்பா

ரொறன்ரோவுக்கு வந்த முதல் வாரம் முழுவதும் மல்வேர்னில் சித்தப்பாவின் வீட்டு யன்னலுக்குப் பின்னால் கழிந்தது. சித்தப்பாவுக்கு மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் வேலை. "சனிக்கிழமை காரிலை எல்லாம் காட்டுறன், அதுமட்டும் ஒருத்தரும் வெளிக்கிடாதேங்கோ" என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை வந்தபோது அவருக்கு ஓவர்டைம் வந்துவிட்டது.

இதற்குள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நகரத்தின் நடுவில் பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் இல்லை. சித்தப்பா பாதியில் விட்டவர். ஊரில் ஏஎல் என்ற உயர்தரப் பரீட்சையில் பாஸ் பண்ணிய எனக்கு, இங்கே படிப்பைத் தொடரவேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

சித்தப்பாவுக்கு இருந்தது. "அவ்வளவு தூரம் ஒரு பொம்பிளைப்பிள்ளை தனிய பஸ்ஸும் ரெயினும் மாறிப் போறதோ, அண்ணை? பக்ரறியிலை வேலைக்கு நான் கதைச்சு வைச்சிருக்கிறன். அவங்கடை வான் வாசலுக்கே வரும்."

அப்பா இரண்டு பக்கமும் கேட்டார். கடைசியில் சித்தப்பாவே ஒரு யோசனை சொன்னார். "அவ்வளவு கெட்டிக்காரி எண்டால், உங்களையும் அண்ணியையும் நகரத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஏரிமட்டும் கூட்டிக்கொண்டு போய்ட்டு வரட்டும். பாப்பம்."

"ஓம், போட்டு வாறம்" என்றேன். உடனே சொன்னதில் சித்தப்பா கொஞ்சம் திகைத்துப்போனார்.

ஞாயிறு காலை வெளிக்கிட்டோம். எந்த பஸ், எங்கே மாறுவது, எந்தத் திசை ரெயின் என்பதெல்லாம் வரைபடத்தைப் பார்த்து முதல் நாளே மனதில் பதித்துவிட்டேன். வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் என் பையில். கென்னடி ஸ்ரேசனில் நிலக்கீழ் ரெயினில் ஏறி இருந்தபோது, அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானோ?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரந்தொட்டு ஒரு தமிழ் முகத்தைத் தேடிக்கொண்டே வந்தார். ரெயினில் அகப்பட்டது. கறுப்புக் காற்சட்டையும் தோள்பையுமாக ஒரு இளைஞர் எதிரில் வந்து இருந்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அங்கிள்."

"ஊரிலை எவடம்?"

"புத்தூர்."

"புத்தூரிலை எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். அந்த இளைஞரின் மாமா மஞ்சள் லொறி வைத்திருந்தவர் என்பதும், அந்த லொறியில்தான் எங்கள் தோட்டத்து வெங்காயம் கொழும்புக்குப் போனது என்பதும் நாலைந்து ஸ்ரேசனுக்குள் வெளியே வந்துவிட்டது. நாட்டைவிட்டு வெளிக்கிட்ட பிறகு அப்பா அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் பேப் ஸ்ரேசனிலை இறங்கவேணும் அங்கிள். கிரேக்கரின்ரை சாப்பாட்டுக்கடையிலை வேலை" என்று அவர் எழும்பினார். அப்பாவும் எழும்பினார்.

அது அப்பாவின் பழக்கம். வீட்டுக்கு வந்தவர் வெளிக்கிட்டால் கதைத்தபடியே வெளிவாசல் படலைவரை போவார். உள்ளே இருந்து பேசாத முக்கியமான கதையெல்லாம் படலையடியில்தான் தொடங்கும். அன்றும் அப்படியே கதைத்துக்கொண்டு கதவுவரை போனார். இளைஞர் இறங்கினார். லொறி பிறகு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் இறங்கினார். விசில் ஊதியது. கதவு மூடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முதுகு நகர்ந்து போனது. அவர் இன்னும் கதைத்துக்கொண்டுதான் நின்றார்.

அம்மா யன்னலுக்கு மேலிருந்த மஞ்சள் பட்டியைப் பிடிக்கப் போனார். ஆபத்து நேரத்தில் மட்டும் அழுத்தவும் என்று அதில் எழுதியிருந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மனுசனுக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. விலாசமும் உன்ரை பையிலைதான் கிடக்கு" என்றார் அம்மா.

"தெரியும் அம்மா. அடுத்ததிலை இறங்குவம்."

அடுத்த ஸ்ரேசனான செஸ்ரரில் இறங்கினோம். அம்மா என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார். "மற்றப் பக்க ரெயினிலை திரும்பிப் போவம்."

"நாங்கள் அங்காலை போக, அப்பா இஞ்சாலை வந்தால்?"

"அவர் எப்பிடித் தனிய வருவார்?"

"அந்த அண்ணை கூட்டிக்கொண்டு வருவார்."

"அவன் வேலைக்குப் போறவன். உன்ரை அப்பாவைக் காவிக்கொண்டு திரிவானோ?"

"அப்பா அவரைக் கொண்டுபோய் விட்டவர். அவரும் கொண்டுவந்து விடுவார். எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே அம்மா. ரெண்டு பக்கமும் அசைஞ்சால் சந்திக்கமாட்டம்."

அடுத்த ரெயின் வந்தது. ஒரு கிழவியும் நாய்க்குட்டியும் இறங்கினார்கள். கதவு மூடியது. அம்மா மற்றப் பக்கத் தண்டவாளத்தையே பார்த்தார். இன்னும் ஒரு ரெயின் பார்ப்பது, அதிலும் இல்லையென்றால் மேலே ரிக்கெற் கூண்டுக்குள் இருக்கும் ஆளிடம் போவது என்று முடிவெடுத்தேன். அவரிடம் சொல்லவேண்டிய ஆங்கில வசனத்தை மனதுக்குள் கட்டிவைத்தேன். பிழையில்லாத வசனம்.

இரண்டாவது ரெயினில் அப்பா இறங்கினார். பக்கத்தில் அந்த இளைஞர்.

"பிள்ளை, இவரின்ரை மாமன் இப்ப லண்டனிலையாம்" என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

இளைஞர்தான் நடந்ததைச் சொன்னார். "அங்கிள் அசையமாட்டன் எண்டு நிண்டவர், தங்கச்சி. பிள்ளை திரும்பி வருவாள் எண்டார். படிச்ச பிள்ளை எண்டு இப்பதானே சொன்னனீங்கள், படிச்ச பிள்ளை அடுத்த ஸ்ரேசனிலை இறங்கி நிப்பா எண்டு நான்தான் சொன்னன். அதுக்குப் பிறகுதான் ஏறினவர்."

"உங்களுக்கு வேலைக்குப் பிந்திப்போச்சே அண்ணை."

"இதிலையிருந்து நடந்தாலும் கடை கிட்டத்தான். முதலாளி ஏசுவான். ஏசட்டும்."

அவர் படியேறத் தொடங்கியதும் அப்பாவின் கால் தானாகவே அவருக்குப் பின்னால் போனது. நான் முழங்கையைப் பிடித்தேன். "அப்பா, இதிலை நிண்டே கையைக் காட்டுங்கோ." காட்டினார்.

ஏரிக்குப் போனோம். கரையைக் காணாத தண்ணீர். இவ்வளவு தண்ணீருக்கும் உப்பு மணம் இல்லையே என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மிச்ச வழியெல்லாம் அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார், யாரையும் ஊர் விசாரிக்காமல்.

இரவு சாப்பாட்டின்போது அம்மாவே விஷயத்தைச் சொல்லிவிட்டார். சித்தப்பா சிரித்தார். "பாத்தியளோ? முதல் நாளே ஒருத்தரைத் துலைச்சிட்டாள்."

"அவள் துலைக்கேல்லை" என்றார் அப்பா. "நான்தான் இறங்கினனான். நிக்கவேண்டிய இடத்திலை நிண்டவள் அவள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்."

"பக்ரறிக்காரனுக்கு நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. நாளைக்கு வான் வரும். என்ரை சொல்லு என்னாகிறது?"

அப்பா சோற்றைக் குழைத்து ஒரு வாய் சாப்பிட்டு முடித்தார்.

"ஆள் வேணுமெண்டுதானே கேட்டவன். நான் போறன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை. ஆனால் அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவுமில்லை.

திங்கட்கிழமை இருட்டோடு பக்ரறி வான் வந்தது. அப்பா சித்தப்பாவின் பழைய ஜக்கெற்றைப் போட்டிருந்தார். கை நீளம் அவருக்குக் கூடிவிட்டது. நான் வாசலில் வைத்து அதை மடித்துவிட்டேன். அவர் ஏறியதும் வான் போய்விட்டது. நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.