ஒன்றரை நிமிடம்

நைனா, அதாவது என் அப்பா, இருபத்திரண்டு வருடமாகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் விசாரணை மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரூம் இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணிவரை, மலைக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும், ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. போன் மூன்று முறை அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். சாப்பிட்ட கையோடு ஓடிப்போய் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மேஜையை எடுக்க வைத்தது நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியும் திருப்பதியில்தான் இருந்தது. சித்தூரிலிருந்து நானும் நைனாவும் காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். லாட்ஜ் முதலாளி எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை கொண்டுவந்தார். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு ஒரு மொழி மாடல், அதாவது ஆள் மாதிரி பேசும் கம்ப்யூட்டர் புரோகிராம், பதில் சொல்ல வேண்டும். தங்குகிறவர்களின் விவரம் வெளியே போகக் கூடாது, அதனால் மாடலை நாங்களே ஓட்ட வேண்டும். மெஷின் யார் துணையும் இல்லாமல் பதில் சொல்லத் தொடங்கியதும் விசாரணை மேஜை தேவையில்லை என்று முதல் மீட்டிங்கிலேயே தெளிவாகச் சொன்னார். எதிரில் இருப்பவள் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நோட்டில் ‘மேஜை இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வருத்தப்பட்டேனா என்றால் இல்லை. அந்த வருடம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. பஸ்ஸில் கால் மரத்துப்போனால் இறங்கி நடந்து சரிசெய்துவிடலாம், இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. மாடல் ஓடத் தேவையான மென்பொருட்களை ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். கம்ப்யூட்டரை மாதம் முழுக்க வாடகைக்கு எடுக்காமல், கேள்வி வரும்போது மட்டும் வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கோ ஓர் ஊரில் அந்த மூட்டையை அவிழ்த்து ஓட்டுவார்கள். கேள்வி நின்று சில நிமிடம் ஆனால் தானாக அணைந்துவிடும். முதல் வாரம் அது எழுந்திருக்கவே இல்லை. ஒருநாள் மென்பொருட்களின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, மறுநாள் மெமரி போதவில்லை. மாடலைச் சுருக்கிப் போட்ட பிறகு ஒரு மத்தியானம் எழுந்து வணக்கம் சொன்னது. பக்கத்து சீட்டில் இருந்தவர் கைதட்டினார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

ஒரு குறை இருந்தது. அணைந்த மெஷின் ஒவ்வொரு முறை எழும்போதும் மாடலை வெளியிலிருந்து முழுசாக இறக்கிக்கொண்டுதான் வாயைத் திறக்கும். அதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். எப்போதும் விழித்திருக்க வைக்கலாம், ஆனால் முதலாளி அந்தச் செலவுக்கு ஒப்பவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம்: அரை நிமிடத்தில் பதில் போகாவிட்டால் கேள்வி மேஜைக்கு வரும், நைனா அந்த நம்பருக்குப் போன் செய்து பேசுவார். ஆக, அவருடைய வேலை அந்தத் தாமதத்துக்குள்தான் பிழைத்துக் கிடந்தது. எனக்கும் முதலாளிக்கும் இது தெரியும். நைனாவுக்குத் தெரியாது. மெஷினைத் தனக்கு உதவியாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, “எம் பொண்ணு செஞ்சது, எனுக்கு ஒத்தாசைக்கு வெச்சிக்கிறாங்க” என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் எல்லாம் சொல்வார்.

தாமதத்தைக் குறைக்க எனக்கு வழி தெரியும். செய்யாமல் விட்டிருந்தேன். பாசத்தால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

ஆனால் நைனாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்று ரிங்குக்குள் போனை எடுக்கிற ஆசாமி அல்லவா? தன் போனிலிருந்து வேளைக்கு ஒரு கேள்வி அனுப்பி, கடிகாரத்தைப் பார்த்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆனதென்று தாளில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பஸ்ஸில் அதை என்னிடம் நீட்டினார்.

“இத பாரு. விடிகாலைல ஒன்னே முக்கா நிமிசம். மத்தியானம் ஒன்றரை. ஜனங்க கொழந்த குட்டியோட ரோட்ல நின்னுக்கினு இருப்பாங்கமா, பாவம். சரி பண்ண முடியாதா?”

“முடியும் நைனா.”

“அப்ப பண்ணு. ஓனருக்கும் ஒரு காப்பி குடுத்துட்டேன்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தேன். சொல்வதற்கு நேரம் இருந்தது. சந்திரகிரி தாண்டும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது முதலாளியின் புகார் வந்திருந்தது. மாடலை ஒவ்வொரு முறையும் இறக்காமல் மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டினேன். கை தானாக வேலை செய்தது. மாலைக்குள் ஏழு வினாடிக்கு வந்துவிட்டது. திரும்பும்போது நைனா பஸ்ஸிலேயே சோதித்துப் பார்த்து, “தோ, வந்துட்ச்சி!” என்று கண்டக்டரிடம் போனைக் காட்டினார். கண்டக்டர் சில்லறையைத் தேடிக்கொண்டே தலையாட்டினார்.

அதற்கப்புறம் மேஜைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். அதற்குள் நைனாவே பெருமையாகச் சொல்லி, நான் மகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “நுவ்வே செப்பம்மா” என்றார், மேஜையை எடுக்கப் போவதை நீயே சொல்லிவிடு என்று. மகள் சொன்னால் நைனாவுக்குக் கஷ்டம் தெரியாதாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் சொன்னேன். “நைனா, ஒன்னாந்தேதிலேர்ந்து நீ வர வேணான்னு ஓனர் சொல்லச் சொன்னாரு.”

“ஏன், லீவு உடறாங்களா?”

“இல்ல. மேஜய எடுத்துடறாங்க. எல்லாத்தியும் மிஷினே பாத்துக்குது.”

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“இப்டி ஆவும்னு உனுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“மொத நாள்லேர்ந்து.”

“நா டைம் எழுதினு வந்து குடுத்தன்னிக்கு?”

“அன்னிக்கும் தெரியும், நைனா.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் மடியில் இருந்த பையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.