சத்தமுள்ள வண்டி

மாவடிப்பள்ளி வட்டையில் வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த வட்டவிதானை அவர். ஒட்டிய கன்னம், வெள்ளைத் தொப்பி, முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய சாரம். பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் வருவார். வளைவில் நிறுத்தி, காரணமில்லாமல் இரண்டு தரம் எஞ்சினை உறுமவிட்டுத்தான் வயல்பக்கம் திரும்புவார்.

அந்த வண்டி ஓடாமல் போனதும், புதிது வாங்கக் கல்முனைக்குப் போனார். அந்த வட்டையில் எனக்கும் இரண்டு ஏக்கர் இருந்தது. என்னையும் கூட்டிப்போனார். கடையில் இரண்டு கம்பெனி வண்டிகள் நின்றன. ஒன்று சத்தமே இல்லாமல் ஓடியது. மற்றது காது கிழியக் கத்தியது. கத்துகிறதைத்தான் அவர் வேண்டுமென்று கேட்டார்.

“சத்தமில்லாதத எடுங்க, விதானையார். முறை தப்பி வாய்க்கால வெட்டுறவன கையோட புடிக்கலாம்” என்றேன்.

“புடிச்சா வழக்குப் போடணும், தம்பி. மறுகா அவன் ஊருக்குள்ள எப்பிடித் தலை நிமிர்ந்து நடக்கிற? சத்தம் கேட்டா அவனே அடச்சிருவான்.”

சொல்லும்போது வண்டியைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின போகத்தில் இரண்டு முறை, அவருடைய பழைய வண்டிச் சத்தம் கேட்டு, வெட்டிய வாய்க்காலைச் சேறள்ளி அடைத்தவன் நான். அது தெரிந்துதான் என்னைக் கூட்டிப்போனாரா என்று கேட்க, அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை எனக்கு வாய் வரவில்லை.