வார்டு வாசலை மறித்த ஜன்னத் மேடம்

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உத்தமபாளையத்திலிருந்து காஜா அழைத்தார். "சேவியர் சார், அக்கா மவுத்தாயிட்டாக. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தாக, அப்படியே..." நம்மோடு நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜன்னத் மேடம் இறந்த செய்தியைச் சொன்ன அவர், மேடத்தின் தம்பி.

மேடத்தை அறிந்த உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் சிரிப்பாகத்தான் இருக்கும். பக்கத்து அறையில் நடக்கும் வைவா தேர்வையே அது நிறுத்திவிடும். ஒருமுறை, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களுக்கு பாக்டீரியா நச்சைத் துளியளவு கொடுத்துவிட்டு, மறுநாள் அதே நச்சை நிறையக் கொடுத்தோம். அழற்சியைக் கிளப்பும் பொருள்களை அவை அள்ளி வீசியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "செத்துப்போச்சு மேடம்" என்றேன். அவர் அதே அணுக்களோடு பாக்டீரியாவைச் சேர்த்து வைத்து, பிறகு என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றும் வயிறு முட்டத் தின்றிருந்தது.

"கூச்சலத்தான் கொறச்சிருக்கு சேவியர், வேலையக் கொறைக்கல. நம்ம டிபார்ட்மெண்ட்ல இப்படி ரெண்டு பேரு இருந்தாப் போதும்."

அழற்சி எல்லை மீறினால் கிருமியைவிட அதுவே உறுப்புகளைக் கெடுத்துவிடும். அதனால் அந்த அடக்கம் உடலுக்குத் தேவை. ஆனால் அடக்கம் நீண்டுபோனால் அடுத்த கிருமியைத் தடுக்க ஆளிருக்காது. வகுப்பில் அவர் நடத்திய இந்தப் பாடம் ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்தது. திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கம்பி கிழித்த புண் சீழ்பிடித்து, ரத்தத்தில் கிருமி கலந்து, காஜா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அந்த நாட்களில் மேடம் சிரிக்கவில்லை.

காய்ச்சல் இறங்கி வார்டுக்கு மாற்றியதும் கம்பத்திலிருந்து வேன் நிறைய உறவினர் வந்து இறங்கினார்கள். முன்னால் மேடத்தின் மாமி, கையில் தூக்குச்சட்டியோடும் விடாத இருமலோடும். மேடம் வாசலை மறித்து நின்றார்; நானும் பக்கத்தில் இருந்தேன்.

"காய்ச்சல்தான் விட்டுருச்சுல்ல, இன்னும் எதுக்குடி மறிக்கிற? அங்கன ஓரமா நின்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"விட்டுருச்சு மாமி. ஆனா சண்ட போட்ட வெள்ளணுவெல்லாம் அசந்து கெடக்கு. இப்ப புதுசா ஒண்ணு உள்ள போனா தடுக்க ஆளில்ல."

"தூக்கி வளத்தவ நான். என்னையவே கிருமிங்கிறியா?"

"ஒங்கள இல்ல மாமி, ஒங்க இருமல."

மாமி தூக்குச்சட்டியை என் கையில் திணித்துவிட்டு வேனில் ஏறிவிட்டார். காஜா நலமாகி வீடு திரும்பிய பிறகும் மேடத்தோடு மாமி பேசவில்லை. நோன்புப் பெருநாளன்று மேடமே கம்பத்துக்குப் போய், மாமி வீட்டு வாசலில் நின்று, "எனக்கு இருமல் இல்ல மாமி, உள்ள வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். மாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

மேடத்தின் உடலை வைத்த சந்தூக்கைக் காஜாவும் மற்றவர்களும் தோளில் ஏற்றியபோது மாமி என் பக்கத்தில் நின்றிருந்தார். "அன்னைக்கு அவ மறிச்சா. இன்னைக்கு அவளத் தூக்கிட்டுப் போகத் தம்பி இருக்கான்" என்றார்.

பிரியமானவர்களிடம் முடியாது என்று சொல்லும் துணிவும், பிறகு தானே போய் அவர்கள் வாசலில் நிற்கும் மனமும்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை. முதலாவது ஓரளவு வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.